முழங்கால் உயரத்தில் சிக்கும் கார் ஷெட் ஷட்டரைச் சரிசெய்வதும் பராமரிப்பதும்

கேட்கப்பட்டதன் சுருக்கம் இது. கடலூரில் கடற்கரைக்கு அருகில் ஒரு தனி வீடு. தரைத்தளத்தில் கார் நிறுத்துவதற்காக, 9 அடி அகலமும் 8 அடி உயரமும் கொண்ட, கையால் தூக்கி இறக்கும் இரும்பு ரோலிங் ஷட்டர் போட்டுப் பத்தாண்டுகளுக்கு மேலாகிறது. தூக்கும்போது முழங்கால் உயரத்தில் இடப்பக்கம் சிக்குகிறது. காலால் ஓர் உதை கொடுத்தால் விடுபட்டு மேலே போகிறது. இறக்கும்போதும் ஏறக்குறைய அதே உயரத்தில் நின்று, விடுபட்டவுடன் தரையில் வந்து மோதுகிறது. கிரீஸ் தடவியும் பயனில்லை. ஒருவர் ஷட்டரையே மாற்றச் சொல்கிறார். இன்னொருவர் மோட்டார் பொருத்திவிட்டால் தொல்லை தீரும் என்கிறார்.

மாற்றவும் வேண்டாம், இப்போதைக்கு மோட்டாரும் வேண்டாம் என்பது என் பதில். நீங்கள் எழுதியிருப்பதில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு கோளாறுகள் கலந்திருக்கின்றன. ஒன்று உராய்வு, அதாவது ஷட்டரின் ஓரம் சேனலுக்குள் (இரு பக்கமும் ஷட்டர் ஓடும் இரும்புப் பள்ளத்துக்குள்) எங்கோ உரசி நிற்பது. மற்றொன்று பளு, அதாவது ஷட்டரின் எடையைத் தாங்க வேண்டிய ஸ்பிரிங் தளர்ந்திருப்பது. உராய்வை முழுவதுமாக நீக்கிய பிறகே ஸ்பிரிங்கைத் தொட வேண்டும் என்ற வரிசையை மட்டும் எக்காரணம் கொண்டும் மாற்றாதீர்கள். பழுதுபார்க்க வருபவர்களில் பலர் ஷட்டர் கனக்கிறது என்று சொன்னவுடன் மேலே ஏறி ஸ்பிரிங்கை இரண்டு சுற்று கூடுதலாக முறுக்கிவிட்டு இறங்கிவிடுகிறார்கள். அன்றைக்கு ஷட்டர் எளிதாக மேலே போகும். ஆனால் உரசல் அப்படியே இருக்க, அதையும் சேர்த்து இழுக்கும்படி ஸ்பிரிங்மேல் கூடுதல் சுமை ஏற்றப்பட்டிருக்கும். அது சீக்கிரமே சோர்ந்துபோகும் அல்லது ஒருநாள் பெரும் சத்தத்துடன் முறியும்.

ஷட்டரின் அமைப்பைச் சிறிது தெரிந்துகொண்டால் மற்றவை எளிதில் விளங்கும். கண்ணுக்குத் தெரியும் திரை, ஒன்றோடொன்று கொக்கிபோல் மாட்டிக்கொள்ளும் குறுக்குப் பட்டைகளால் ஆனது. பட்டைகளின் இரு முனைகளும் இரண்டு பக்கச் சுவர்களிலும் நிற்கும் சேனலுக்குள் ஓடுகின்றன. கடைசிப் பட்டைக்குக் கீழே, பூட்டுக்காகவும் உறுதிக்காகவும் தடித்த அடித்தகடும் ஆங்கிளும் இருக்கும். மேலே, மூடிக்குள், இரு பிராக்கெட்டுகளுக்கு இடையில் ஒரு பைப் அசையாமல் பொருத்தப்பட்டிருக்கும்; அதன்மேல் சுருள் ஸ்பிரிங்குகளும் அவற்றோடு சுழலும் சக்கரங்களும் உள்ளன. ஸ்பிரிங்கின் ஒரு முனை பைப்பிலும் மறுமுனை சக்கரத்திலும் பிணைக்கப்பட்டிருப்பதால், திரையை இறக்கும்போது ஸ்பிரிங் முறுக்கேறி, தூக்கும்போது அந்த முறுக்கையே நமக்கு உதவியாகத் திருப்பித் தருகிறது. உங்கள் ஷட்டரின் பரப்பு 72 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 6.7 சதுர மீட்டர். பட்டைகள் 1.2 மி.மீ. தகடாக இருந்தால், வெறும் தட்டையான தகடாகக் கணக்கிட்டாலே எடை 63 கிலோ வரும். கொக்கி மடிப்புகளையும் அடித்தகட்டையும் சேர்த்தால் 80 கிலோவை நெருங்கும். ஸ்பிரிங் சரியாக இருந்தால் அவ்வளவு எடையையும் ஒருவர் இரண்டு கைகளால் தூக்கிவிட முடிகிறது. இரும்பு ரோலிங் ஷட்டர்களுக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 6248, பால் பேரிங் இல்லாமல் 8 சதுர மீட்டர் வரையிலும் பேரிங்குடன் 12 சதுர மீட்டர் வரையிலும் கையால் தூக்கி இறக்கும் வகையை ஏற்கிறது. எனவே உங்கள் ஷட்டர் கையால் இயக்கத் தக்க அளவுக்குள்தான் இருக்கிறது. அளவைக் காரணம் காட்டி மோட்டார் வைக்க வேண்டிய தேவை இல்லை.

இனி சிக்கும் இடத்தைப் பார்ப்போம். சேனல் அசையாது, திரை அசையும் என்ற எளிய வேறுபாட்டிலிருந்தே பெரும்பாலான காரணங்களைக் கண்டுபிடித்துவிடலாம். ஒரு பட்டை பக்கவாட்டில் நகர்ந்து நீட்டிக்கொண்டிருந்தால், அந்தப் பட்டை சேனலுக்குள் இருக்கும் வரை உரசல் நீடிக்கும். திரை ஏற ஏற உரசும் இடமும் அதனுடனேயே ஏறும். சேனலின் வாய் ஓரிடத்தில் நெளிந்து குறுகியிருந்தால் நடப்பது வேறு. மெல்லிய பட்டைகள் அந்த இடத்தைச் சற்றே உரசிக்கொண்டு கடந்துவிடும். தடிமனான அடித்தகடு மட்டும் அங்கே வந்ததும் மாட்டிக்கொள்ளும். ஏறும்போதும் இறங்கும்போதும் அதே உயரத்தில் சிக்குகிறது, விடுபட்ட பிறகு மேலே தடையில்லாமல் போகிறது என்று நீங்கள் எழுதியிருப்பது இரண்டாவது வகையோடு முழுதும் பொருந்துகிறது. முழங்கால் உயரம் என்பது காரின் பம்பர் இருக்கும் உயரமும்கூட. பின்னால் எடுக்கும்போது இடப்பக்கச் சேனலில் பம்பர் எப்போதாவது இடித்திருக்கலாம், அல்லது இருசக்கர வண்டியின் கால்மிதி தட்டியிருக்கலாம். பெயின்ட் தெறித்திருக்கிறதா, சேனலின் உதடு ஓரிடத்தில் உள்ளே மடிந்திருக்கிறதா என்று பகல் வெளிச்சத்தில் கூர்ந்து பாருங்கள்.

கண்ணுக்குப் புலப்படாவிட்டாலும் கண்டுபிடிக்க வழி உண்டு. சேனலின் உள்விளிம்புகளில் தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை சாக்பீஸை அழுத்தித் தேய்த்து, ஷட்டரை ஒருமுறை ஏற்றி இறக்குங்கள். சாக்பீஸ் வழித்தெடுக்கப்பட்ட இடமே உரசும் இடம். பிறகு ஷட்டரை முழுவதும் மேலே ஏற்றி, சேனல் வாயில் தளர்வாக நுழையும் ஒரு மரச்சட்டத்தை மேலிருந்து கீழ்வரை இழுத்துப் பாருங்கள்; எங்கே அது இறுகுகிறதோ அங்கே வாய் குறுகியிருக்கிறது. இரண்டு சேனல்களுக்கும் இடையிலான அகலத்தை மேலே, நடுவில், கீழே என மூன்று இடங்களில் டேப்பால் அளந்துகொள்ளுங்கள். மூன்றும் ஒன்றாக இல்லையென்றால், சேனலைச் சுவரோடு பிணைத்திருக்கும் பிடிப்புகளில் ஏதோ ஒன்று விட்டிருக்கிறது என்று பொருள். ஒவ்வொரு சேனலுக்கும் குறைந்தது மூன்று பிடிப்புகள், அவற்றுக்கு இடையில் 75 செ.மீ.க்கு மிகாத இடைவெளி என்பது முறை. கடலோர வீடுகளில் தரையை ஒட்டிய பிடிப்புதான் முதலில் துருவேறி அறுந்துபோகும். சேனல் செங்குத்தாக நிற்கிறதா என்பதைக் கொத்தனாரின் தூக்குக்குண்டைக் கொண்டு ஒரு நிமிடத்தில் சரிபார்த்துவிடலாம்.

இந்த வேலைகளைச் செய்யும்போது ஷட்டர் தலைக்கு மேலே இருக்கும் என்பதை மறக்கக் கூடாது. உங்கள் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது என்று ஏற்கெனவே தெரிகிறது. ஆகவே அடித்தகட்டுக்குக் கீழே இரு ஓரங்களிலும் தரை வரை இரண்டு சவுக்குக் கழிகளை முட்டுக் கொடுத்த பிறகே சேனலுக்குள் கையை நுழைக்க வேண்டும். காரை வெளியே நிறுத்திவிடுங்கள். குழந்தைகள் அந்தப் பக்கம் வராமல் ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும்.

நெளிவைச் சீராக்குவது கடினமான வேலையன்று. சேனலின் வாய் எவ்வளவு இருக்க வேண்டுமோ அவ்வளவு தடிமனுள்ள ஓர் இரும்புப் பட்டையை உள்ளே வைத்து, வெளியிலிருந்து சிறு சுத்தியலால் தட்டித் தட்டி உதட்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். உள்ளே பட்டை இல்லாமல் அடித்தால் ஓரிடத்து நெளிவு இரண்டு இடங்களுக்குப் பரவும். ஸ்க்ரூ ஸ்பேனரால் உதட்டைப் பிடித்து, விரற்கடை அளவு நகர்த்தி நகர்த்தித் திருப்பியும் சரிசெய்யலாம். அடித்தகட்டின் இடமுனை வளைந்திருந்தால் அதையும் கையோடு நிமிர்த்திவிட வேண்டும், ஏனென்றால் பல ஆண்டுகள் உதை வாங்கிய தகடு நேராக இருக்க வாய்ப்பில்லை. பிடிப்பு விட்டிருந்தால், பழைய ஓட்டையிலேயே சிமென்ட்டை அடைக்காமல், சற்றுத் தள்ளிப் புதிய துளையிட்டு ஆங்கர் போல்ட்டால் இறுக்கச் சொல்லுங்கள்.

பக்கவாட்டில் நகரும் பட்டைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் ஷட்டரின் வயதில் அதுவும் தொடங்கியிருக்கக்கூடும். பட்டைகள் ஒன்றுக்குள் ஒன்று நீளவாக்கில் கோக்கப்பட்டவை என்பதால், தடுக்காவிட்டால் அவை பக்கவாட்டில் நழுவும். அதைத் தடுக்கவே முனைகளில் எண்ட் லாக் என்னும் சிறு பூட்டுத் துண்டுகள் ரிவெட் அடித்தோ வெல்டிங் செய்தோ பொருத்தப்பட்டிருக்கும். துருவினால் ரிவெட் அறுந்தவுடன் அந்தப் பட்டை ஒரு பக்கமாக நகர்ந்து சேனலின் அடிச்சுவரைத் தேய்க்கத் தொடங்குகிறது. ஒரு பக்கச் சேனலின் உட்புறத்தில் நீளமான பளபளப்பான கீறல் தெரிந்தால் இதுதான் காரணம். மரக்கட்டையை வைத்துத் தட்டிப் பட்டையைத் திரும்ப உள்ளே தள்ளிவிட்டு, புதிய எண்ட் லாக் பொருத்த வேண்டும். அவசரத்தில் சில வெல்டர்கள் அந்தப் பட்டையை அடுத்த பட்டையோடு சேர்த்துப் பற்றவைத்துவிடுகிறார்கள். ஒவ்வொரு மடிப்பும் கீல் போல மடங்கினால்தான் திரை பைப்பின்மேல் சுருள முடியும்; இரண்டு பட்டைகளை ஒன்றாக்கிவிட்டால் சுருளும்போது அந்த இடம் புடைத்து மேல்மூடியில் இடிக்கும். இதைச் செய்ய அனுமதிக்காதீர்கள்.

கிரீஸ் உதவாததற்கு இரண்டு காரணங்கள். நெளிந்த இரும்பைக் கிரீஸ் நிமிர்த்தாது என்பது ஒன்று. சேனல் தெருப்புழுதியைப் பார்த்துக்கொண்டு திறந்திருக்கும் பகுதி என்பதால், கிரீஸும் பழைய இன்ஜின் ஆயிலும் மணலையும் தூசியையும் பிடித்துவைத்து அரைத்த விழுதுபோல் இறுகிவிடும் என்பது மற்றொன்று. கடலோரத்தில் அந்த விழுதில் உப்பும் ஈரமும் சேர்ந்து, துருவைத் தடுப்பதற்குப் பதிலாக வளர்க்கும். எனவே நீங்கள் பூசிய கிரீஸ் முழுவதையும் எடுத்தாக வேண்டும். முதலில் தட்டையான மரக்குச்சியால் வழித்தெடுங்கள். பிறகு மண்ணெண்ணெயிலோ டர்பன்டைனிலோ நனைத்த துணியால், அருகில் நெருப்போ மின்பொறியோ இல்லாதபடி பார்த்துக்கொண்டு, மேலிருந்து கீழாகத் துடையுங்கள். துரு தெரியும் இடங்களில் கம்பிப் பிரஷ் போட்டு, உப்புத்தாளால் வழவழப்பாக்குங்கள். சேனலின் மேல்முனையையும் மூடியின் உட்புறத்தையும் டார்ச் அடித்துப் பார்க்கத் தவற வேண்டாம்; குளவி கட்டிய மண்கூடு காய்ந்து கல்லாகி, திரை சுருளத் தொடங்கும் இடத்தையே அடைத்திருப்பது நம் ஊரில் மிகச் சாதாரணம். பூச்சு வேலையின்போது தெறித்த சிமென்ட் திட்டுகளும், வீட்டுக்கு ஒவ்வொரு முறை பெயின்ட் அடித்தபோதும் சேனலுக்குள் சேர்ந்த பெயின்ட் படலங்களும் வாயைக் குறுக்கும். உளியின் நுனியால் அவற்றைச் சுரண்டி எடுங்கள்.

சுத்தமான, உலர்ந்த சேனலுக்குப் பிசுக்கில்லாத வழுக்கல் போதும். சிலிகான் ஸ்ப்ரே பல ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கிறது. அது கிடைக்காவிட்டால் ஒரு சாதாரண மெழுகுவத்தியைச் சேனலின் உள்விளிம்புகளில் நன்றாகத் தேய்த்தாலே போதுமானது. டபிள்யூடி-40 போன்ற ஸ்ப்ரேக்களைத் துரு இளக்கவும் துடைக்கவும் பயன்படுத்துங்கள். சேனலுக்கு நீடித்த வழுக்கல் தரும் பொருளாக அதை நம்ப வேண்டாம். பட்டைகளின் மடிப்புகளில் தையல் இயந்திர எண்ணெயை மெல்லிய துணியால் ஒற்றி, மிச்சத்தைத் துடைத்துவிடலாம். பூட்டின் சாவித்துளைக்குள் மட்டும் எந்த எண்ணெயும் போகக் கூடாது. அங்கே கிராஃபைட் தூள்தான் ஏற்றது.

மதிய வெயிலில் மட்டும் சிக்குகிறது, காலையில் சிக்குவதில்லை என்று சிலர் சொல்வார்கள். மூன்று மீட்டர் நீளமுள்ள இரும்புப் பட்டை 30 டிகிரி வெப்ப உயர்வில் ஏறக்குறைய ஒரு மி.மீ. நீள்கிறது; அவ்வளவுதான். ஒரு மி.மீ. நீட்சியைத் தாங்க முடியாத அளவுக்குச் சேனலில் இடம் குறைந்திருந்தால் குற்றம் வெயிலிடம் இல்லை, பட்டை நகர்ந்திருக்கிறது அல்லது சேனல்கள் நெருங்கியிருக்கின்றன.

இவ்வளவும் முடிந்த பிறகு ஸ்பிரிங்கைச் சோதியுங்கள். ஷட்டரை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி நிறுத்தி, கீழே யாரும் எதுவும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, கைகளை அருகிலேயே வைத்தபடி பிடியை மெல்லத் தளர்த்துங்கள். நின்ற இடத்தில் நின்றால் ஸ்பிரிங் சரியாக இருக்கிறது. தானாக மேலே ஓடினால் முறுக்கு அதிகம். கீழே சரிந்தால் முறுக்கு போதவில்லை. இடப்பக்கம் மட்டும் தாழ்ந்து சரிந்தால் அந்தப் பக்கத்து ஸ்பிரிங் சோர்ந்திருக்கிறது அல்லது முறிந்திருக்கிறது. உங்கள் ஷட்டர் தரையில் வந்து மோதுவதைக் கொண்டு பார்த்தால் முறுக்கு குறைவாகவே இருக்கும் என்று நினைக்கிறேன். எவ்வளவு குறைவு என்பது உராய்வு நீங்கிய பிறகே தெளிவாகும்.

ஸ்பிரிங் வேலையை மட்டும் நீங்களே செய்ய முனையாதீர்கள். இதை நான் வழக்கமான எச்சரிக்கையாகச் சொல்லவில்லை. ஷட்டர் முழுவதும் மேலே இருக்கும்போதுகூட ஸ்பிரிங்கில் தொடக்க முறுக்கு மிச்சமிருக்கும்; பிராக்கெட்டில் பைப்பை இறுக்கியிருக்கும் போல்ட்டைத் தெரியாமல் தளர்த்தினால், பைப்பும் அதைப் பிடித்திருக்கும் ரென்ச்சும் சட்டென்று சுழன்று கையையோ முகத்தையோ உடைத்துவிடும், அதுவும் ஏணிமேல் நிற்கும்போது. ஷட்டர் வேலையே செய்யும் ஒருவரை அழைத்து, இரண்டு பேர் சேர்ந்து செய்யச் சொல்லுங்கள். ஒரு ஸ்பிரிங் முறிந்திருந்தாலும் எல்லாவற்றையும் ஒருசேர மாற்றுவதே நல்லது, ஏனென்றால் பழையதும் புதியதும் கலந்தால் திரை மறுபடி ஒரு பக்கம் சாயும். மூடியைத் திறந்த வேளையிலேயே சக்கரங்கள் சுழலும் இடங்களில் எண்ணெய் விடச் சொல்லுங்கள். பேரிங் பொருத்தும் வசதி அந்த அமைப்பில் இருந்தால் அதையும் சேர்த்துப் பொருத்திக்கொள்ளலாம். வேலை முடிந்ததும் முன்பு சொன்ன இடுப்பு உயரச் சோதனையை அவர் எதிரிலேயே செய்து பார்த்த பிறகு கூலியைக் கொடுங்கள்.

மோட்டாரைப் பற்றி ஒரு வார்த்தை. சிக்கும் ஷட்டருக்கு மோட்டார் வைத்தால் சிக்கல் நீங்காது; உங்கள் கை உணர்ந்த தடையை மோட்டார் உணராமல் இழுத்துக்கொண்டேயிருக்கும், இறக்கும்போது திரை சேனலில் மாட்டி நிற்க மேலிருக்கும் பட்டைகள் மூடிக்குள் குவிந்து நசுங்கும். வயதானவர்கள் இருக்கிறார்கள், தினமும் பலமுறை திறக்க வேண்டியிருக்கிறது என்றால் மோட்டார் நல்ல வசதிதான். உராய்வும் பளுவும் சீரான பிறகு, மின்சாரம் இல்லாதபோது கையால் இயக்கும் சங்கிலியுடன் கூடியதாகப் பார்த்து வையுங்கள்.

மாற்ற வேண்டியது எது, காப்பாற்றக்கூடியது எது என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். கடலோர ஷட்டர் எப்போதும் கீழிருந்தே அழுகும். தரையில் தேங்கும் தண்ணீர் அடித்தகட்டையும் கடைசி இரண்டு மூன்று பட்டைகளையும் சேனலின் கடைசி ஓர் அடியையும் அரித்திருக்கும். மேலே உள்ளவை உறுதியாகவே இருக்கும். பட்டைகளைப் பக்கவாட்டில் உருவி எடுக்க முடியும் என்பதால், அழுகியவற்றை மட்டும் மாற்றலாம். சேனலின் அடிப்பகுதியை வெட்டிப் புதுத் துண்டை இணைக்கலாம். இணைத்த இடத்தின் உட்புறத்தை வழவழப்பாக ராவாவிட்டால் புதிய சிக்கலை நாமே உண்டாக்கியதாகிவிடும். அப்படி இணைக்கும்போது சேனல் தரையில் முட்டி நிற்காதபடி ஒரு செ.மீ. இடைவெளி விடச் சொல்லுங்கள், உள்ளே இறங்கும் மழைநீர் வடிந்துபோகும். வாசலில் புதிதாக டைல்ஸ் போட்டுத் தரை உயர்ந்திருந்தால் பூட்டுத் துளையும் கொக்கியும் நேர்ப்படாது. அப்போது ஷட்டரை இழுத்து அழுத்துவதை விட்டுவிட்டுப் பூட்டுக் கொக்கியின் இடத்தை மாற்றுங்கள். விரலால் அழுத்தினாலே பட்டைகள் இடுப்பு உயரத்துக்கு மேலும் உள்ளே குழிகின்றன என்றால் மட்டுமே முழு ஷட்டரையும் மாற்றுவதில் பொருளுண்டு, அப்போது ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பட்டைகளாகக் கேட்டு வாங்குங்கள்.

பெயின்ட் அடிப்பதாக இருந்தால், துருவை நன்றாகத் தேய்த்தெடுத்து, ரெட் ஆக்சைடு ஒரு கை, அதன்மேல் எனாமல் இரண்டு மெல்லிய கை போதும். சேனலுக்குள் ஓடும் பட்டை முனைகளிலும் மடிப்புகளிலும் பெயின்ட் தடிப்பாகச் சேரக் கூடாது. முழுதும் காயும் முன் ஷட்டரைச் சுருட்டினால் பட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

அன்றாடப் பயன்பாட்டில் ஒரு பழக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு ஓரத்தைப் பிடித்து ஒற்றைக் கையால் தூக்குவதும், இறக்கும்போது ஓரத்தில் காலை வைத்து மிதிப்பதும் திரையைக் கோணலாக்கும் முதல் காரணங்கள். நடுவிலிருந்து சம தூரத்தில் இரண்டு கைப்பிடிகள் வைத்து, இரு கைகளாலும் ஏற்றி இறக்க வேண்டும். உயரம் எட்டாதவர்களுக்கு நடுவில் மாட்டி இழுக்க ஒரு கொக்கிக் கம்பி செய்து வைத்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு இருமுறை, வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஐப்பசிக்கு முன்பும், மழை ஓய்ந்து பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போதும், சேனலைத் துடைத்து மெழுகு தேய்த்து, பிடிப்புகளை ஆட்டிப் பார்த்து, இடுப்பு உயரச் சோதனையையும் செய்துவிடுங்கள். கடற்காற்று நேராக அடிக்கும் வாசல் என்பதால், கோடையிலும் மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் அடித்தகட்டையும் கீழ்ப்பட்டைகளையும் துடைத்து உடனே உலர்த்துவது நல்லது; உப்புப் படிவு நீங்கினால் துருவேறும் வேகம் வெகுவாகக் குறையும்.